கசாமி நகர்மன்றத்தில் ஒரு முழங்கால் வலி

கசாமி
மே 14, 1996

அன்புள்ள தமாயோ அண்ணிக்கு,

வணக்கம். வடக்குச் சுவரோரம் ஒட்டிக்கொண்டிருந்த கடைசிப் பனியும் போய்விட்டது. ககோஷிமாவில் எரிமலைச் சாம்பல் இந்த மாதம் எப்படி? துணி காயப்போட விடுகிறதா? அண்ணனின் இடுப்பு வலி தேவலையா?

செய்தியை என் வீட்டுக்காரர் சொல்லியிருப்பார், உங்கள் தம்பிதானே. நான் நகர்மன்ற உறுப்பினர் ஆகிவிட்டேன். ஜெயித்தேன் என்று சொல்ல நாக் கூசுகிறது. பதினாறு இடம்; பதினாறு பேர்தான் மனுப் போட்டோம். வாக்குப்பதிவே நடக்கவில்லை. எங்கள் சாவதாரி குழந்தைகள் காப்பகத்துத் தாய்மார்கள் கடைசி நாள் மதியம் என்னைத் தள்ளிக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட வைத்தார்கள். "காலேஜ் படிச்சவ நீதானே, போய்ப் பேசு" என்றார்கள்.

மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டே இருந்ததில் சொல்லாமலே போயிற்று. இருபத்துநாலு வருஷமாக அந்த மன்றத்தில் உட்கார்ந்திருப்பவர், தன் மருமகளும் நிற்கிறாள் என்பதை நகராட்சியின் அறிவிப்புப் பலகையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். அவர் குரோதாவின் குழு, மன்றத்தில் பெரிய குழு அதுதான். நான் எந்தக் குழுவும் இல்லை. அன்று இரவுச் சாப்பாட்டில் மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்:

"எட்டாம் நம்பர் சீட்டு ஜன்னலோரம். காத்து அடிக்கும். உள்ளாற கம்பளி போட்டுக்க."

மன்றத்தில் எங்களை எண் சொல்லித்தான் அழைக்கிறார்கள். அது இப்போது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. "எட்டாம் நம்பர், அந்த சோயா சாஸை இப்படித் தள்ளு." கேலியா, கோபமா, தெரியவில்லை. நான் பெற்ற மூன்று வயதுக் கோஹருகூட என்னை "எட்டு" என்கிறாள்.

ஞாயிறுதோறும் உங்களுக்கு போன் பண்ணுகிறாரே, அப்போது என்னைப் பற்றி ஏதாவது சொல்கிறாரா? போன் அவர் அறையில் இருப்பதால்தான் இதை எழுதிக் கேட்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுமிரே


ககோஷிமா
மே 30

அன்புள்ள சுமிரே,

இங்கே எல்லோரும் சுகம். அவர் இடுப்பும் இருக்கிறது, வலியும் இருக்கிறது. நேற்று வெள்ளைத் துணி காயப்போட்டேன், சாம்பல் நிறத் துணியாக எடுத்தேன். எரிமலை எங்களை மறக்கவில்லை.

அப்பா போனில் உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மழை, மீன் விலை, தன் மூத்திரப் பை, இவ்வளவுதான். அவர் கோபப்பட்டால் பேச மாட்டார். சந்தோஷப்பட்டாலும் பேச மாட்டார். அம்மா இருந்தவரை எது எது என்று அவள் மொழிபெயர்த்துச் சொல்வாள். நீயே கற்றுக்கொள்.

கம்பளி போட்டுக்கொள்.

தமாயோ


கசாமி
ஜூன் 25

அன்புள்ள அண்ணி,

மழைக்காலம் தொடங்கிவிட்டது. உங்கள் பக்கம் மண்சரிவு என்று செய்தியில் பார்த்தேன். உங்கள் தெருவுக்கு ஒன்றும் இல்லையே?

நான் ஊர் முன்னால் வெட்கப்பட்டுக் கிடக்கிறேன். குடிநீர்க் கட்டணத்தை உயர்த்தும் தீர்மானம் வாக்குக்கு வந்தது. எதிர்ப்பேன் என்று வீடு வீடாகச் சொல்லி வைத்திருந்தேன். தலைவர் ஹோஷினோ மணியைத் தொடும் நேரம், அலுவலகப் பெண் குனிந்து வந்து, "காப்பகத்துல இருந்து போன். பாப்பாவுக்குக் காய்ச்சலாம்" என்றாள். போன குளிர்காலத்தில் கோஹருவுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தது உங்களுக்குத் தெரியும். அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குக் கால் நிற்காது. ஓடினேன். திரும்பி வருவதற்குள் தீர்மானம் நிறைவேறிவிட்டது.

பிறகுதான் தெரிந்தது, இங்கே வாக்கெடுப்புக்கு முன்னால் வெளியே போவதற்குத் தனி அர்த்தம் உண்டாம். ஆதரிக்க மனமில்லை, எதிர்க்கத் தைரியமில்லை என்றால் பாத்ரூமுக்குப் போய்விடுவார்கள். தலைவர்கூட "யாருக்காவது போகணுமா?" என்பதுபோல் கொஞ்சம் தாமதிப்பார். யாருக்கும் மனக்கசப்பு இல்லை. கதவு சாத்தியதும் ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்க, உட்கார்ந்திருப்பவர்கள் எதிர்ப்பு என்று எண்ணிக்கை.

மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில், "புதிய உறுப்பினர் இனாகாக்கி சுமிரே வெளியேறினார்." காப்பக வாசலில் தாய்மார்கள் என்னைப் பார்த்ததும் குடையைச் சாய்த்துக்கொண்டார்கள். அதைவிடக் கொடுமை, குரோதா நடைபாதையில் நிறுத்தி என் தோளைத் தட்டினார்.

"எனக்குப் பத்து வருஷம் ஆச்சும்மா இதைப் பழக. நீ ரெண்டே மாசத்துல பழகிட்ட. படிச்ச பொண்ணு படிச்ச பொண்ணுதான்!"

மாமா மட்டும் சாப்பாட்டு நேரத்தில், "எட்டாம் நம்பர், காய்ச்சல் எவ்வளவு இருந்துச்சு?" என்றார். முப்பத்தெட்டரை டிகிரி என்றேன். "அப்ப ஓடினது சரிதான்" என்று சொல்லிவிட்டு ஊறுகாய்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

இன்னொரு செய்தியும் கேள்விப்பட்டேன். டிசம்பர் கூட்டத்தில் சாவதாரி காப்பகத்தையே மூடப்போகிறார்களாம். பிள்ளைகளை வேனில் ஏற்றி மலைக்கணவாய் தாண்டிப் பக்கத்து நகரத்துக் காப்பகத்துக்கு அனுப்புவார்களாம். இப்போது கோஹருவுக்குக் காய்ச்சல் என்றால் ஓடிப்போய்த் தூக்கிக்கொள்கிறேன். பனியில் அந்தக் கணவாய் மூடிவிட்டால் நான் எங்கே ஓடுவேன், அண்ணி?

சுமிரே


ககோஷிமா
ஜூலை 20

அன்புள்ள சுமிரே,

எங்கள் தெரு தப்பித்தது. வெயில் கொளுத்துகிறது. பச்சைத் தேயிலை இரண்டு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன், ஒன்று அப்பாவுக்கு.

உன் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன், பிறகு வலிப்பு என்ற இடத்தில் நிறுத்தினேன். பிள்ளை இப்போது எப்படி? எழுது.

குடையைச் சாய்த்தவர்களிடம் நேரே போய் நடந்ததைச் சொல். அவர்களுக்கும் பிள்ளை இருக்கிறது, காய்ச்சல் தெரியும். குரோதா தட்டிய தோளைச் சோப்புப் போட்டுக் கழுவு. சின்ன வயதில் என் ஜடையையும் அவர் இப்படித்தான் இழுத்துப் பாராட்டுவார்.

அப்பாவா? போனில் ஒன்றும் சொல்லவில்லை.

தமாயோ


கசாமி
செப்டம்பர் 8

அன்புள்ள அண்ணி,

தேயிலைக்கு நன்றி. மாமா தன் பொட்டலத்தை ஒளித்து வைத்துவிட்டு என்னுடையதைக் குடிக்கிறார். கோஹரு நன்றாக இருக்கிறாள், தும்பியைத் துரத்துகிறாள். கோடையில் அண்ணனுக்கு வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நீங்கள் சொன்னபடி தாய்மார்களிடம் பேசினேன். குடைகள் நிமிர்ந்துவிட்டன. இப்போது வேறு பாடம் படிக்கிறேன். தீர்மானம் மன்றத்தில் எடுப்பதில்லை, அண்ணி. பெரிய மரத்தை இடம் மாற்றி நடுமுன் வேரைச் சுற்றி மண்ணைக் கட்டுவார்களே, அதுபோல் எல்லாம் முன்கூட்டியே வீடுகளில் முடிந்துவிடுகிறது. எனவே நானும் கோஹருவை முதுகில் கட்டிக்கொண்டு ஒவ்வொரு உறுப்பினர் வீட்டுக்கும் போனேன். எல்லா வீட்டிலும் டீ, எல்லா வீட்டிலும் முள்ளங்கி ஊறுகாய். வயிறு ஊதிப்போய்விட்டது.

ஒருவர், "கணவாய்ல வேன் பத்திரமாப் போகும்மா, நகராட்சி சொல்லுதே" என்றார். "சரிங்க ஐயா, ஜனவரியில ஒரு நாள் உங்க பேத்தியையும் அதுல ஏத்தி அனுப்புவீங்களா?" என்று கேட்டுவிட்டேன். என் வாயா அது என்று எனக்கே பயம். அவர் மனைவி உள்ளே இருந்து சிரித்தாள். அவர் இப்போது எங்கள் பக்கம்.

என்னையும் சேர்த்து ஏழு பேர் தேறிவிட்டோம். சமமாக வந்தால் தவிரத் தலைவருக்கு வாக்கில்லை, எனவே எதிரே குரோதா குழுவில் எட்டு. ஒரே ஒருவர் வேண்டும். ஏழு வீட்டுக் கதவையும் தட்டிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் அசையவில்லை. தட்டாத கதவு ஒன்றே ஒன்று. அந்த வீட்டுக்குள்தான் நான் இருக்கிறேன்.

அவரிடம் கேட்கலாமா? நீங்கள் மகள், நீங்கள் சொல்லுங்கள்.

சுமிரே


ககோஷிமா
அக்டோபர் 29

அன்புள்ள சுமிரே,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. அறுவடை, விருந்தாளிகள், ஏதேதோ. எல்லோரும் சுகம்.

அப்பாவிடம் கேட்காதே. முடிந்தால் அந்தத் தீர்மானத்தை அடுத்த கோடைக்குத் தள்ளிவைக்கப் பார். முடியாவிட்டால் நீ ஒரு முறை வெளியே போய்விடு. இந்தத் தடவை மட்டும். காரணம் கேட்காதே. அண்ணி சொல்கிறேன் என்று வைத்துக்கொள்.

குளிர் வந்துவிடும். பிள்ளையின் நெஞ்சில் துணி கட்டு.

தமாயோ


கசாமி
நவம்பர் 6

அன்புள்ள தமாயோ அண்ணிக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. மலையுச்சியில் முதல் பனி தெரிகிறது. கோஹரு நலம். மாமா நலம். தங்கள் தம்பி சனிக்கிழமைகளில் தொழிற்சாலையிலிருந்து வந்து போகிறார், நலம்.

அனைவரின் உடல்நலத்துக்கும் வேண்டுகிறேன்.

இனாகாக்கி சுமிரே


ககோஷிமா
நவம்பர் 15

சுமிரே,

இப்படி ஒரு கடிதம் எழுதுவதற்குப் பதில் நீ என்னைத் திட்டியிருக்கலாம். "தங்கள்" போட்டு எழுதியிருக்கிறாய். நாலு முறை படித்தேன். வலிக்க வேண்டிய இடத்தில் வலித்தது.

சொல்லிவிடுகிறேன். மார்ச்சில் ஹோஷினோ இறங்குகிறார். அடுத்த தலைவர் முறை அப்பாவுக்கு. குழுவில் வரிசைப்படிதான் தருவார்கள், உனக்குத் தெரியும். அந்த வரிசையில் ஆறு தேர்தல் நின்றவர். மன்ற நடைபாதைச் சுவரில் தலைவர்களின் படம் வரிசையாக மாட்டியிருக்குமே, அம்மா சாகும் வருஷம்கூட அதைப் பார்த்துவிட்டு வந்து, "உங்கப்பா மூஞ்சி அங்க நல்லா இருக்கும்டி, கொஞ்சம் சிரிச்சா" என்றாள். குழுவை மீறினால் முறை போய்விடும். அதனால்தான் உன்னை வெளியே போகச் சொன்னேன். வெறும் மகளாக எழுதினேன், கோஹருவின் அத்தையாக எழுதவில்லை.

இப்போது உனக்கும் தெரியும். நீ என்ன செய்தாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். நெஞ்சில் துணி கட்டச் சொன்னேனே, கட்டினாயா?

தமாயோ


கசாமி
டிசம்பர் 19

என் அன்புள்ள அண்ணி,

இரண்டு ஆள் உயரத்துக்குப் பனி. துணி கட்டினேன். நீங்கள் எல்லோரும் சுகம்தானே? இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் வந்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கோஹருவைப் பார்த்தால் கணவாய் ஞாபகம், மாமாவைப் பார்த்தால் அந்தச் சுவர் ஞாபகம். வாக்கெடுப்புக்கு முந்தின நாள் சூப்பைப் பரிமாறிக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"மாமா, நாளைக்கு ஓட்டெடுப்பு நேரத்துல நீங்க பாத்ரூம் போயிடுங்க."

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "எட்டாம் நம்பர், என் மூத்திரத்துக்குக்கூட நீ தீர்மானம் கொண்டு வருவியா?"

"நீங்க எந்திரிக்கவும் வேணாம், எதிர்க்கவும் வேணாம். ஏழுக்கு ஏழு ஆகும். ஹோஷினோ சார் முடிவு பண்ணட்டும். உங்க முறை உங்களுக்கே இருக்கும்."

"முறையா? யாரு சொன்னா? தமாயோவா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அவளுக்கு வாயில பூட்டே கிடையாது." பிறகு சூப்பைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "ஏழுக்கு ஏழு வந்தா ஹோஷினோ எந்தப் பக்கம்? அவன் கை குரோதாவோட கைம்மா. நான் வெளிய போனாலும் காப்பகம் மூடிரும். கணக்குப் போடத் தெரியாமயா காலேஜ் போன?"

எனக்கு அது தெரியாமலில்லை, அண்ணி. ஹோஷினோ இரங்குவார் என்று நானே என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தேன். மாமா பேத்தி பக்கம் திரும்பினார். கோஹருவுக்கு மீனில் முள்ளை எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் நான் பேசினேன். எழுதி வைத்த தாளை விட்டுவிட்டேன். போன குளிர்காலத்தில் பிள்ளை கண் செருகிக் கிடந்தபோது காப்பகத்திலிருந்து மருத்துவர் வீடு வரை நான் எப்படி ஓடினேன் என்பதை மட்டும் சொன்னேன். "இந்த ஊர்ல ஒரு தாய் ஓடிப் போய்ச் சேர முடியற தூரத்துல பிள்ளை இருக்கணும். நான் கேக்கறது அவ்வளவுதான்." மேயர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹோஷினோ வழக்கம்போல் தாமதித்தார். எல்லோரும் மாமாவையே பார்த்தார்கள். அவர் மூத்திரப் பைத் தொல்லை ஊருக்கே தெரியும், போனால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். குரோதாவே கதவை நோக்கிக் கண்ணைக் காட்டினார். நிஜமாகவே அவருக்குப் போக வேண்டியிருந்தது, அண்ணி! வீட்டில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன், இரண்டு முழங்காலையும் ஒட்டிவைத்துக்கொண்டு முன்னால் சாய்வாரே, அப்படி உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வியர்வை. ஆனால் அசையவில்லை.

"தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கவும்."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. குரோதா எழுந்தார், அவர் பின்னால் வரிசையாக எழுந்தார்கள். அந்த வரிசையின் நடுவில் ஒரு பல் விழுந்ததுபோல் ஒரு இடைவெளி. குரோதா திரும்பிப் பார்த்து, "இனாகாக்கி, எந்திரி" என்றார், மெதுவாகத்தான், ஆனால் மன்றமே கேட்டது.

மாமா சத்தமாகச் சொன்னார்: "முழங்கால் வலி. எந்திரிக்க முடியல."

நிற்பவர்கள் ஏழு. உட்கார்ந்திருப்பவர்கள் எட்டு. தீர்மானம் தோற்றது. ஹோஷினோ "கூட்டம் முடிந்தது" என்று சொல்லி வாய் மூடவில்லை, அந்த முழங்கால் வலிக்காரர் என்னைத் தாண்டி, குரோதாவைத் தாண்டி, பத்திரிகைக்காரனைத் தாண்டிப் பாத்ரூமுக்கு ஓடினாரே ஓட்டம்! ஊரில் ஓட்டப்பந்தயம் வைத்தால் கோப்பை அவருக்குத்தான்.

பார்வையாளர் வரிசையில் தாய்மார்கள் அழுகிறார்களா சிரிக்கிறார்களா என்றே தெரியவில்லை. நானும் அப்படித்தான். ஆனால் அண்ணி, சுவரில் அந்த இடம் போய்விட்டது. என்னால் போனது. உங்களிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது?

சுமிரே


ககோஷிமா
ஜனவரி 4, 1997

என் அன்புள்ள சுமிரே,

புத்தாண்டு வாழ்த்து. எல்லோரும் சுகம். இங்கே அரிசி அப்பம் சுட்டதில் பாதி கருகிவிட்டது, அது உன்னால். ஏன் என்று சொல்கிறேன்.

நான் உனக்குப் பொய் எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா போனில் உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று. மே மாதத்திலிருந்து அந்த மனிதர் வேறு எதைப் பற்றியும் பேசவில்லை! மழையாவது, மீன் விலையாவது. "எட்டாம் நம்பர் இன்னிக்கு மேயரையே தண்ணி குடிக்க வெச்சுருச்சு." "எட்டாம் நம்பர் பிள்ளையக் கட்டிக்கிட்டு மழையில வீடு வீடாப் போகுது, எனக்கு அந்த வயசுல அந்தத் துணிச்சல் இல்ல." கடைசியில் ஒவ்வொரு முறையும், "அவகிட்ட சொல்லிடாத, தலைக்கனம் ஏறிரும்." சத்தியம் வாங்கிக்கொண்டுதான் போனை வைப்பார். உன்னை வெளியே போகச் சொல்லி நான் எழுதியதற்கு அதுவும் ஒரு காரணம். அப்பா எந்தப் பக்கம் சாய்வார் என்று எனக்கு அக்டோபரிலேயே தெரிந்துவிட்டது. அவருக்கே அப்போது தெரிந்திருக்காது.

புத்தாண்டன்று போன் வந்தது. பத்திரிகையில் வந்த உன் பேச்சை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எனக்குப் படித்துக் காட்டினார். "ஓடிப் போய்ச் சேர முடியற தூரத்துல" என்ற இடத்தை இரண்டு முறை படித்தார். அடுப்பில் அப்பம் கருகியது. நான் அணைக்கப் போகவில்லை.

மன்னிப்பா? அம்மா இருந்திருந்தால் சொல்லியிருப்பாள், அந்தச் சுவரில் தொங்குகிற அத்தனை பேரும் எழுந்து நிற்கச் சொன்னபோது எழுந்து நின்றவர்கள்தான் என்று. எங்கள் அப்பா அந்த வரிசையில் இல்லை. நான் இங்கே மீன் கடைக்காரி வரை எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

பனியில் வழுக்காமல் நட.

தமாயோ


கசாமி
மார்ச் 23

என் அன்புள்ள அண்ணி,

கூரைப் பனி சொட்டத் தொடங்கிவிட்டது. அண்ணன் இடுப்புக்கு வெந்நீர் ஊற்றுப் பொடி அனுப்பியிருக்கிறேன், குளிக்கும் தொட்டியில் போடச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தை நான் மாமாவிடம் காட்டவில்லை. என் தலைக்கனத்தை மறைப்பதுதான் பெரும்பாடாக இருக்கிறது.

தலைவர் தேர்தல் முடிந்தது. வேறொருவர் வந்திருக்கிறார். மாமா எல்லோருக்கும் முன்னால் கைதட்டினார். வீட்டுக்கு வந்து இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டார்.

நேற்றுக் காலை காப்பக மேட்டில் கோஹருவை முதுகில் ஏற்றிக்கொண்டு அவரே ஏறினார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். பாதிப் பனி, பாதிச் சேறு. குரோதாவின் கார் எங்களைத் தாண்டிப் போய் நின்றது, கண்ணாடி இறங்கியது.

"என்ன இனாகாக்கி, பதினஞ்சு கிலோவ முதுகுல வெச்சுக்கிட்டு ஆடு மாதிரி ஏறுற! முழங்கால் என்ன ஆச்சு?"

"வலிதான். மன்றத்துக்குள்ள போனா மட்டும் பிடிச்சுக்குது."

குரோதா என்னைப் பார்த்தார், தோளைத் தட்டவில்லை. "ஏம்ப்பா, அது தொத்து வியாதியா? நம்ம குழுவுல ரெண்டு பேரு ஒரு வாரமா முழங்காலைத் தடவிக்கிட்டு உக்காந்திருக்கானுங்க."

"வயசாகுதில்ல" என்றார் மாமா. கோஹருவைக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்துக்கொண்டு நடந்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், அண்ணி. இங்கே கோஹரு நலம், உங்கள் தம்பி நலம், நான் நலம். மாமாவும், முழங்கால் உட்பட, மிக நலம்.

சுமிரே